தம்பியின் மீன் தொட்டிக்குப் புதுக் கண்ணாடி

கருவேலம்புலம்
10-6-1995

அன்பு மகள் செண்பகத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் தம்பியும் நானும் உடம்பளவில் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். நீ அனுப்பிய போட்டோ வந்தது. குழந்தை உன் சாடை என்று அப்பா தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தார், எனக்கென்னவோ உன் மாமியார் சாடைதான் தெரிகிறது, அதை அவர்களிடம் சொல்லிவிடாதே. குழந்தைக்குச் சளி விடவில்லை என்று எழுதியிருந்தாய், ஏ.சி.யைக் குறைத்து வை, தலைக்கு ஊற்றினால் உடனே துவட்டிவிடு. அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, கடலுக்குப் போவதை விட்டுவிட்டார், படகில் பங்கு மட்டும் வருகிறது. என் கருவாட்டு வியாபாரம் நடக்கிறது.

தம்பி ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று கேட்டிருந்தாய். அவனுக்கு இறால் பண்ணையில் வேலை போய்விட்டது. பதறாதே, அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. நடந்ததை மீன் தொட்டியிலிருந்து தொடங்கினால்தான் உனக்குப் புரியும். நீ போன பிறகு, பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த கையோடு தம்பி சிங்காரம் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வந்து கூடத்தில் வைத்தான், ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிசு. மீன் பிடிக்கிற வீட்டில் மீனை வேடிக்கை பார்க்க ஒரு பெட்டியா என்று தெருவே சிரித்தது. ஆனால் பகலெல்லாம் கருவாடு புரட்டிவிட்டு வந்து அதற்கு முன்னால் உட்கார்ந்தால், அந்தக் கறுப்பு வரி போட்ட மீன்கள் விசிறி மாதிரி அசைந்து அசைந்து போவதைப் பார்த்தால், எனக்கு உடம்பு வலி தெரியாது. நம் வீட்டில் அப்போது அது ஒன்றுதான் அமைதியாக இருந்தது. காரணம் நிலம். நம் ஆறு மா வயலையும் பண்ணைக்காரர்கள் குத்தகைக்குக் கேட்டார்கள். கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் வந்து சேர்வதில்லை, போன வருஷம் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பயிர் காய்ந்தது, சும்மா கிடக்கிற நிலத்தைக் கொடுத்தால் என்ன என்பது தம்பியின் கட்சி, கொடுத்தால் அவனுக்கு வேலையும் நிரந்தரமாகும். வயலை வெட்டிக் கடல் தண்ணீரை விடுவதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்பது அப்பாவின் கட்சி. ஊரிலும் அதே சண்டைதான். நடவு வேலை போன பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள், போலீஸ் வேன் வந்தது, ஆளுங்கட்சிக்காரரும் வந்தார், எதிர்க்கட்சிக்காரரும் வந்தார், ஆளுக்கொரு மாலை வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் அப்பனும் மகனும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "ஒம் புள்ளைகிட்ட சொல்லு" என்று இவர், "அப்பாட்ட சொல்லும்மா" என்று அவன், நடுவில் நான்.

இப்படி இருக்கும்போது சித்திரை கடைசியில் ஒரு நாள் தம்பி தொட்டியைக் கழுவினான். உள்ளே அழகுக்குப் போட்டிருந்த பாறாங்கல்லைத் தூக்கும்போது அது கை வழுக்கிப் பக்கவாட்டுச் சின்னக் கண்ணாடியில் மோதிவிட்டது. கீழ் மூலையில் தலைமுடி போல ஒரு கீறல், நாங்கள் பார்க்கப் பார்க்க அது மேலே ஓடுகிறது, வழியெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். அவன் கையை உதறிக்கொண்டு நிற்கிறான். அப்பாதான் உள்ளே வந்து, "மொண்டு ஊத்துடா, பாத்துக்கிட்டு நிக்காத" என்றார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நெல் அவிக்கிற அண்டாவில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி மீன்களை அதில் விட்டோம், மிச்சத் தண்ணீர் வாசலுக்குப் போனது. மறுநாள் இருவரும் ஒரே பஸ்ஸில் நாகப்பட்டினம் போய், கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து அறுத்து, நடுவில் கோணிச் சாக்கு சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருவது போல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பழைய கண்ணாடியைப் பிளேடால் அறுத்தெடுத்து, ஒட்டியிருந்த பழைய பசையைத் துளி விடாமல் சுரண்டினார்கள். அதில் துளி மிச்சமிருந்தாலும் புதுப் பசை பிடிக்காதாம். புதுப் பசைக்குப் புளித்த காடி மாதிரி ஒரு நாற்றம். தம்பி ஓரமெல்லாம் பசையை இழுத்துக்கொண்டே வர, அப்பா கண்ணாடியை நிறுத்தி அழுத்திப் பிடித்துக்கொண்டார். "படகு பலகைக்கி இடுக்கு அடைக்கிற மாதிரிதான், நடுவுல நிறுத்தாம ஒரே இழுப்பா இழு" என்று அவர் சொல்ல, "சரிப்பா" என்றான். நான் அடுப்படியில் நின்று அந்த 'சரிப்பா'வைக் கேட்டேன் செண்பகம், உலை கொதிப்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

பசை காய ஒரு வாரம் விட்டார்கள். பிறகு தண்ணீர் நிரப்பினால் ஒரு சொட்டுக் கசிவில்லை, அப்பா சுற்றிச் சுற்றி வந்து விரலால் தடவிப் பார்த்தார். பிடித்தது வினை. வழக்கமாக ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்குத் தெருக் குழாய்த் தண்ணீரில் ஒரு குடம் ஊற்றுவான், முழுத் தொட்டிக்கு அது போதாது என்று நம் கொல்லைக் கிணற்றில் மோட்டார் போட்டான். வாங்கி வந்த புதிதில் நிரப்பியதும் அதே கிணற்றுத் தண்ணீர்தான், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குடிக்கிறதும் சமைக்கிறதும் குழாய்த் தண்ணீர், கிணறு துவைக்கவும் மாடு கழுவவும்தான் என்று ஆகி வருஷமாயிற்று. மீன்களை விட்ட கொஞ்ச நேரத்தில் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, சாய்ந்தன. பசையில்தான் விஷம் என்று தம்பி கடைக்காரனைத் திட்டினான். பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா அக்கா சத்தம் கேட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "தம்பி, இந்தத் தண்ணியில எங்க வாழையே கருகிப் போச்சு, மீனு எங்கேருந்து பொழைக்கும்? சொன்னா நீதான் நம்பலியே" என்றார்கள். அவர்கள் அதைச் சொல்லும்போதெல்லாம் பண்ணைக் கம்பெனியில் சோதித்தாயிற்று, குளத்து உப்பு கிணற்றுக்கு ஊறாது என்றுதான் இவன் சொல்லி வந்தான். பண்ணைக் குளத்தில் தினமும் உப்புப் பார்க்கிற கருவியை வேலைப் பையிலிருந்து எடுத்தான், தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். பிறகு அதை அப்பாவிடம் நீட்டினான். அப்பா கருவியை வாங்கவில்லை, ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுத் துப்பிவிட்டு, "மொதல்ல மீன எடுடா" என்றார். அண்டாவில் பழைய தண்ணீர் மிச்சமிருந்தது, அதில் போட்டதில் நாலைந்து பிழைத்தன. நீ இருக்கிற மஸ்கட்டில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, இங்கே கிணற்றுத் தண்ணீரைக் கடல் தண்ணீராக்கிவிட்டார்கள்.

மறுநாள் கம்பெனி ஏஜெண்ட் தியாகராசன் குத்தகைப் பத்திரத்தோடு வந்தார். அப்பா என்ன சொல்வாரோ என்று நான் காப்பியோடு நிற்கிறேன், தம்பிதான் எழுந்து, "நெலம் கொடுக்கறதா இல்லண்ணே" என்றான். "நேத்து வரைக்கும் நீதானப்பா என்னை வரச் சொன்ன?" என்று அவர் கேட்டார். "நேத்து வரைக்கும் எங்க கெணத்த நான் பாக்கலண்ணே" என்றான். அதோடு நிற்காமல், மாரியம்மன் கோவிலில் ஊர் கூடியபோது எழுந்து, தான் பார்த்ததை எல்லோருக்கும் சொல்லிவிட்டான். ஊர்ப் பெண்கள் அழைத்துப்போய்த் தங்கள் கிணறுகளையும் பார்க்கச் சொன்னார்கள், போய்ப் பார்த்தான். அந்த வாரமே கம்பெனியில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நல்லது செய்தான் என்று மார்தட்ட எனக்கு வரவில்லை செண்பகம். வயதுப் பிள்ளை வேலையில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல் நான் வேளைக்கு முன்னாலேயே கருவாடு புரட்டப் போய்விடுகிறேன். பண்ணையும் போய்விடவில்லை, இறால் குளங்களில் தண்ணீரைக் கலக்குகிற சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. 'அன்றைக்கே சொன்னேன்' என்று உன் அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன், அவர் சொல்லவில்லை. காலையில் குழாயில் தண்ணீர் விடுகிற நேரத்துக்கு, அந்த முட்டியோடு, சைக்கிளில் குடத்தைக் கட்டித் தினம் இரண்டு நடை போய்வந்து, தொட்டியை அவரே நிரப்பத் தொடங்கினார். தம்பி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மூன்றாம் நாள் சைக்கிளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். இப்போது அவனுக்கு மஸ்கட் வர எண்ணமிருக்கிறது, மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதுவான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவசரப்பட்டு விசாவும் அனுப்பாதே. மழையை நம்பிப் புழுதியில் விதைக்கலாமா என்று அவனும் அப்பாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அது என்னவென்று தெரியட்டும்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். குழந்தை நூறு வயது இருக்கட்டும், உன் கை நிறைந்தே இருக்கட்டும். ஆவணியில் முடியிறக்க வருகிறோம் என்று எழுதியிருக்கிறாய், கட்டாயம் வாருங்கள். மொட்டையடித்ததும் பேத்தியை நம் கிணற்றடியில் நிறுத்தி, உன்னைக் குளிப்பாட்டிய மாதிரி வாளி வாளியாக ஊற்ற வேண்டும் என்று ஆசை வைத்திருந்தேன். அது இனி ஆகாது. நீ வருகிற தேதியை முன்னாலேயே எழுது, குழாய்த் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும் அம்மா,
அ. ராஜம்மாள்