கண்ணாடியைக் கழற்றிய போட்டோ

அன்பு மகள் தனுஷாவுக்கு, சங்கராபுரத்திலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், அசாம் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் நீயும் சௌக்கியமாக இருக்க முருகன் பார்த்துக்கொள்வான். மரவள்ளி பிடுங்கியாகிவிட்டது, செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, இதெல்லாம் அப்பா போனில் சொல்லியிருப்பார். இனி எழுதப்போவதை மட்டும் நீயே சொல்லு என்று விட்டுவிட்டார். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று கேட்டபோது, பாரும்மா, ஆனால் என்னைப் பற்றி எதையும் மறைக்காதே, மாற்றாதே என்றாய். நானும் சரி என்று தலையாட்டினேன். அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை தனுஷா. ஏழரை மணி சீரியல் ஒன்று பார்ப்பேனே, அதில் பெரிய படிப்பு முடித்து வந்த பெண் ஒருத்தி, தடிக் கண்ணாடி, எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, எதிரில் வருகிறவர்மேல் எல்லாம் சாம்பாரைக் கொட்டுவாள். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். ஒருநாள் கதாநாயகன் அவள் கண்ணாடியைக் கழற்றினான், காற்று வீசியது, அழகியாகிவிட்டாள். அன்றோடு புத்தகமெல்லாம் பரணுக்குப் போனது. அவள் என்ன படித்தாள் என்று இத்தனை மாதமாக அதில் ஒருவரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. உன் அப்பா மட்டும், கண்ணாடிய கழட்டிட்டா கண்ணு எப்டித் தெரியும் அதுக்கு, முட்டிக்காம எப்டி நடக்குது என்று கேட்டார், சும்மா இருங்க என்று அடக்கிவிட்டேன்.

அந்தப் புத்தியில்தான் உன் பட்டமளிப்பு போட்டோவை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோ ஜெயப்பிரகாஷிடம் போய், கம்ப்யூட்டரில் கண்ணாடியை மட்டும் எடுத்துக் கொடுப்பா என்றேன். ஜாதகத்தோடு வைக்கும் தாளில் டாக்டர் பட்டத்தை விட்டுவிட்டு பி.எஸ்.சி. என்று மட்டும் எழுதினேன். போன ஞாயிறு களமருதூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையனின் அம்மா, ஜாஸ்தி படிச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க, டிவில பாக்கறமே, அதுங்களுக்கு ஒல வைக்கக்கூட தெரிலயே என்றார். அதெல்லாம் இல்லிங்க என்றேன். போட்டோவைப் பார்த்து, கண்ணு இன்னா அழகுங்க, எங்கியோ பாத்த மாதிரியே இருக்குது என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அவர்கள் போனதும் அப்பா சுவரில் மாட்டியிருந்த உன் பழைய போட்டோவை இறக்கிப் பக்கத்தில் வைத்தார். இன்னாடி, இது யார் கண்ணு என்றார். பார்த்தேன். உன் கண் இல்லை அது. உடனே ஸ்டூடியோவுக்கு ஓடினேன். ஜெயப்பிரகாஷ் சாதாரணமாக, கண்ணாடில லைட் அடிச்சி கண்ணே தெரில யக்கா, அதான் ஏழரை சீரியல்ல வருதே அந்தப் பொண்ணு கண்ண எடுத்து வச்சேன், நல்லாத்தானே பொருந்திகினு இருக்குது என்றான். வெளியே வந்து அவன் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு நாள் அந்தப் போட்டோ என் கையில் இருந்தது, போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினேன், ஒரு முறைகூட இது என் பெண் கண் இல்லை என்று தெரியவில்லையே. அந்த அதிர்ச்சி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

மறுநாளே பஸ் பிடித்துக் களமருதூர் போய் நிஜப் போட்டோவைக் கொடுத்து, என் பெண் சிலந்திகளைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள், அதை மறைத்ததும் சீரியல் பெண்ணின் கண் ஒட்டிய போட்டோவைக் காட்டியதும் நான்தான், அவளுக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். அந்த அம்மா, ஊரான் வூட்டுக் கண்ண ஒட்டிகினு வந்து காட்னீங்களா என்று கேட்டார். அது நியாயம், தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். அப்புறம், சிலந்திக்கெல்லாம் ஒரு படிப்பா என்று சிரித்தார். அதற்கு நான் சிரிக்கவில்லை. கரியாலூர் மலையில் மூன்று வருஷம் பாறை இடுக்கில் குப்புறப் படுத்துப் படித்த படிப்புங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தச் சம்பந்தம் அவ்வளவுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இத்தனையும் எழுதினேன்.

கண்ணாடிக் காம்பு உடைந்து டேப் ஒட்டியிருக்கிறாய் என்று அப்பா சொன்னார், உடனே மாற்று, பவரும் பார்த்துக்கொள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சிலந்திக்கு எட்டுக் கண், அது இருக்கும் வரிசையை வைத்தே என்ன வகை என்று சொல்லிவிடலாம் என்று எனக்கு நீதான் சொல்லிக்கொடுத்தாய். நான் பெற்ற பெண்ணுக்கு இரண்டே கண், அதை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஊருக்கு வந்ததும் என் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார், நான் உன்னைப் பார்க்க வேண்டும்.

நோய்நொடியில்லாமல் நீ நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
க. பெரியநாயகி