ஒலிபெருக்கிக்குக் கீழே ஒரு பெஞ்சு

அன்பு மூத்தவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் மூன்று பேரும் சுகம். மூட்டுவலியையும் சேர்த்துக்கொண்டால் இரண்டரைப் பேர்தான் சுகம் என்று எழுதச் சொல்கிறாள் உன் அம்மா. உனக்கு இருமல் விட்டதா? ஆபீஸில் ஏசிக்கு நேர் கீழே உட்காராதே என்று சொன்னேன், கேட்டாயோ இல்லையோ.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டி வைத்துவிடுகிறேன். பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்து ஊரையே வண்டியேற்றி அனுப்பியவனுக்கு, பெற்ற மகளிடம் ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்ல நாக்கு எழவில்லை. போன வாரம் நீ கேட்டதற்கும் அப்படித்தான் சரி என்றுவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் தங்கை வாரத்தில் இரண்டு நாள் அச்சகத்துக்குப் போவது உனக்குத் தெரியும். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறாள். போகும்போதும் வரும்போதும் எங்கள் நிலையத்தில்தான் பஸ் மாற வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தைக் கடப்பதற்காகத் தனக்கென்று ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தாள். கட்டம் போட்ட தாளில் மொத்த நிலையமும் இருந்தது. தூண், பெஞ்சு, குப்பைத்தொட்டி எதையும் விடவில்லை. அமைதியான இடம் வெள்ளை. சத்தம் கூடக் கூட மஞ்சள், அப்புறம் பழுப்பு. தாங்கவே முடியாத இடம் கறுப்பு. ஜூஸ் கடை மிக்ஸிக்குப் பக்கத்தில் கறுப்பு. ஓட்டுநர்கள் வண்டியை அணைக்காமல் உறுமவிட்டு நிற்கும் நாலாம் நடைமேடை கறுப்பு. சாமான் அறைக்குப் பின்னால் ஒரு மூலை மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

எல்லாவற்றையும்விடக் கறுப்பு, பெண்கள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு பெஞ்சின் மேல் இருந்தது. பேனாவை அழுத்தி அழுத்தி அங்கே தாளே கிழிந்திருந்தது. இங்கே என்னம்மா என்று கேட்டேன். "அது ஒலிபெருக்கி. உங்க குரல்ப்பா" என்றாள். கோபமே இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த இரண்டு மாதம் உனக்கு நினைவிருக்கும். நீ பள்ளிக்குப் போய்விடுவாய், ஐந்து வயதுக்காரியை நான் வேலைக்கு அழைத்துப் போவேன். தனியாக இருந்தால் பயப்படுவாளே, அப்பா குரல் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று, ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இருந்த பெஞ்சில்தான் தினமும் உட்காரவைப்பேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். ஒரு நாள் வெளியே வந்து அந்த இரண்டு கையையும் பிடித்து இழுத்து மடியில் வைத்து, எடுக்கக் கூடாது என்று அதட்டினேன். அவளும் எடுக்கவில்லை. அடுத்த அறிவிப்பு முழுக்கக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு நடுங்கினாள். அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, பிள்ளை ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று சந்தோஷப்பட்டவன் நான். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அதுவரை நாம் அதற்கு வைத்திருந்த பெயர் பிடிவாதம். அந்தத் தாளைப் பார்த்த அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன் அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

வரைபடத்தை வெளியே கொண்டுவந்தது அவள் வேலை பார்க்கும் அச்சகத்தை நடத்துகிற அம்மாதான். இதைப் பெரிதாக அச்சடித்து நிலையத்தில் மாட்ட வேண்டும், இவளைப் போல எத்தனை பேர் அங்கே தவிக்கிறார்களோ என்று அந்த அம்மாவே மேலாளரைப் பார்க்க வந்தார். மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், "பார்த்தா நல்லாத்தானே சார் இருக்கு உங்க பொண்ணு? இதுக்குப் போய் போர்டா?" என்றார். நான் வழக்கம்போல மென்று முழுங்கினேன். அச்சகத்து அம்மா விடவில்லை. "அந்தக் கறுப்புக் கட்டத்துல போய் பத்து நிமிஷம் நின்னுட்டு வாங்க சார், அப்புறம் பேசலாம்" என்றார். மேலாளர் வீறாப்பாகப் போனார். ஆறாவது நிமிஷம் திரும்பி வந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று கேட்டார். அன்றைக்கே என் ஒலிபெருக்கியின் சத்தத்தையும் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டார். வீட்டிலும் அப்படியே பேசிப் பழகுங்கள் என்கிறாள் உன் அம்மா.

மாதிரித் தாள் என் அறையில் நாலு நாள் கிடந்தது. பதினெட்டு வருஷமாக எங்களோடு இருக்கும் ஒரு நடத்துநர் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். தனியாகவே சாப்பிடுகிற மனிதர். தலைக்கனம் பிடித்தவர் என்று நாங்கள் எல்லோரும் அவரை ஒதுக்கி வைத்திருந்தோம். மெதுவாக என்னிடம் வந்து, இதைப் போனில் படம் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சிட்டிருந்தேன் சார்" என்றார். 

வரைபடத்துக்குக் கீழே உன் தங்கை எழுதியிருப்பது இவ்வளவுதான்: "பார்க்க நான் எல்லோரையும் போலத்தான் இருப்பேன். எனக்கு ஆட்டிசம். சத்தம் எனக்கு வலிக்கும். யாராவது காதைப் பொத்திக்கொண்டு நின்றால் முறைக்காதீர்கள். வெள்ளை இடத்தைக் காட்டுங்கள்." அதற்கும் கீழே அவள் பெயர். அந்தப் பெயரைத்தான் எடுத்துவிடச் சொல்லி நீ போன் செய்தாய்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. உன் வருங்கால மாமியார் வாரா வாரம் எங்கள் நிலையத்தில் பஸ் மாறுகிறவர். தங்கை வெளியூரில் படிக்கிறாள் என்று நீ அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாய். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம். இதில் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவளை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, கூச்ச சுபாவம் என்று சொல்லிச் சிரித்தவன் நான். பொய்யை உனக்குப் பழக்கிக் கொடுத்ததே அப்பாதான்.

நீ சொன்னபடியே செய்தேன். அவளிடம் போய், பெயர் போட போர்டில் இடம் இல்லையாம் என்றேன். எத்தனை சென்டிமீட்டர் வேண்டும் என்று கேட்டாள். வாய்க்கு வந்த ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு நழுவினேன்.

மறுநாள் மத்தியானம் புதுத் தாளோடு வந்து நின்றாள். ஓரத்தைக் குறைத்து, எழுத்தைச் சிறிதாக்கி, நான் சொன்ன அளவுக்கு இடம் செய்திருந்தாள். அதற்காக அந்தச் சாமான் அறை மூலையை, மொத்த நிலையத்திலும் அவள் நிம்மதியாக நிற்கிற ஒரே இடத்தை, வெட்டி எடுத்திருந்தாள். "எனக்கு அந்த எடம் மனப்பாடம்ப்பா. மத்தவங்களுக்குத்தான் தெரியாமப் போயிடும். பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நீ கேட்டது, நான் சரி என்றது, இடம் இல்லை என்பது பொய் என்று எல்லாமே. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "நாலு மணி நேரம் வேலை பார்த்தேன்ப்பா. நெசத்தை நேத்தே சொல்லியிருந்தா மிச்சமாயிருக்குமே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவள் சாப்பிடவில்லை. உன் அம்மா தட்டோடு போய்க் கதவைத் தட்டி, அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

அடுத்த நாள் காலையில் தானாக வந்தாள். அக்கா வேண்டாம் என்று சொன்னது பெயரையா, இல்லை என்னையேவா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். பொய் சொல்லாமல் சொன்ன பதில் அது ஒன்றுதான். "பேரைப் போடுங்கப்பா. நான் எழுதினதுக்கு நாந்தானே பேர் போடணும்" என்றாள். மேலாளரிடம் சொல்லிவிட்டேன். பழைய தாள்தான், அந்த மூலையும் அப்படியே இருக்கிறது, பெயரும் இருக்கிறது. வருகிற இருபதாம் தேதி மாட்டுகிறார்கள்.

அதனால் அம்மா, இருபதாம் தேதிக்குள் நீயே அவர்களிடம் சொல்லிவிடு. போர்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதே. சம்பந்தம் கலைந்துவிடுமோ என்று நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ராத்தூக்கம் இல்லை. நீ ஆசைப்பட்ட பையன், நல்ல பையன், அதுவும் தெரியும். என் பேச்சால் உனக்கு ஒரு குறை வந்துவிட்டால் அதையும் நான்தான் சுமக்க வேண்டும். அப்படியும் இன்னொரு தடவை அவள் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைக்க என்னால் ஆகாது.

இன்னும் ஒன்று. இதோடு கட்டம் போட்ட தாள் ஒன்று வைத்திருக்கிறேன். அவள் கொடுத்தது. உன் கல்யாண மண்டபத்தில் கதவு எங்கெங்கே, ஒலிபெருக்கி எங்கெங்கே, சமையல் கட்டு எந்தப் பக்கம் என்று அதில் குறித்து அனுப்பச் சொல்கிறாள். எங்கே நின்றால் முழுக்க இருந்து பார்க்க முடியும் என்று இப்போதே பார்த்து வைக்க வேண்டுமாம். கண்டிப்பாகக் கூப்பிடுவாய் என்றே வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருவேளை உன்னால் முடியாது என்றால், அதையும் அந்தத் தாளிலேயே, உன் கையெழுத்தில், அவளுக்கு நேராக எழுதிவிடு. சுற்றிவளைக்காதே. நேராகச் சொன்னால் அவள் தாங்குவாள். நடுவில் நின்று மாற்றிச் சொல்ல இனி நான் வரமாட்டேன்.

நீ எந்த வீட்டுக்குப் போனாலும் தலை நிமிர்ந்து இரு. உடம்பைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதம் போட்ட பிறகு, வீட்டில் இருக்கிற நாளெல்லாம் மத்தியானம் தபால்காரர் வரும் நேரத்துக்கு அவள் வாசலில் போய் நிற்பாள். அந்தத் தாளை வெறுமையாக மட்டும் திருப்பி அனுப்பிவிடாதே கண்ணு.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா