றமீஸா கோடு போட்ட பக்கம்

புது அச்சு மையின் மணம் உனக்குப் பிடிக்கும். எனக்குத் தும்மல்தான் வரும். நேற்றுக் காலை நம் பகல் பராமரிப்பு நிலையத்தின் ஆண்டறிக்கைக் கட்டுகள் என் வீட்டு வாசலில் வந்து இறங்கின. சனிக்கிழமை பொதுக்கூட்டத்துக்கு நானே அவற்றைக் கொண்டுபோய், நானே மேடையில் வாசிக்கவும் வேண்டுமாம். ஒரு கட்டைப் பிரித்தேன். நான்கு தும்மல். அதன் பிறகு உன் மேல் கோபம் வந்தது, மச்சான். எல்லாவற்றையும் இப்படிப் பாதியில் போட்டுவிட்டு மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் படுக்க உனக்கு என்ன அவசரம்?

பளபளக்கும் தாள். முதல் பக்கத்தில் புதுத் தலைவர். இரண்டாம் பக்கத்திலும் அவர்தான், கழுத்துப்பட்டி மட்டும் வேறு. மனைவியின் சேலைக்குப் பொருத்தமாகக் கட்டினார் என்று கல்பிட்டிச் சந்தையில் கதை. மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள நம் ஆட்கள் ஏழாம் பக்கத்தில்தான் தலைகாட்டுகிறார்கள். அங்கே நுரைச்சோலை றமீஸா, பஸ் படியில் நின்று கையசைக்கிறாள். படத்துக்குக் கீழே: ‘றமீஸா இன்று யார் துணையுமின்றிப் பஸ்ஸில் சந்தைக்குச் சென்று வருகிறார்.’

அழகான வசனம். எழுதியவன் நான்.

நீ நிலையத்தை நடத்திய காலத்தில் இப்படி எழுத விட்டிருப்பாயா? அச்சுக்குக் கொடுக்கும் முன் நிலையத்துக் கூடத்தில் பாய் விரிப்பாய். பிளேன்டீயும் மீன் வைத்த மாலு பணிஸும் வரும். அறிக்கையில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்களையெல்லாம் பாயில் உட்காரவைத்து, என்னை உரக்க வாசிக்கச் சொல்வாய். யாராவது தலையாட்டி மறுத்தால், உன் சிவப்புப் பேனா வெளியே வரும். கண்டக்குழி அந்தோனியை மறந்திருக்க மாட்டாய். ‘அந்தோனி மகிழ்ச்சியுடன் தோட்ட வேலை செய்கிறார்’ என்று வாசித்தேன்.

“இல்ல,” என்றான். “புழு இருக்கு.”

நீ கொஞ்சமும் சிரிக்காமல் ‘மகிழ்ச்சியுடன்’ என்பதை வெட்டினாய். ‘அவருக்கு அது விருப்பமில்லை’ என்று சேர்த்தாய். அப்படியே அச்சானது. “உன்ட பகிடிய விட அவன்ட உண்மைக்குத்தான்டா ஆக்கள் சிரிக்கிற,” என்றாய். எனக்குப் பொறாமையாக இருந்தது, இப்போதும்தான்.

இந்த வருடம் பாய் விரிக்க ஆளில்லை. தலைவர் தொலைபேசியில் விவரம் சொன்னார், நான் மின்விசிறிக்குக் கீழே ஒரே இருப்பில் எழுதித் தள்ளினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை. அதற்கும் மேலே ஒரு கேவலம் கேள்: றமீஸாவின் உம்மா பார்த்துப் பூரித்துப்போய் ஒரு கிண்ணம் வட்டிலப்பம் தருவார் என்ற நப்பாசையில், இன்று காலை ஒரு பிரதியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

றமீஸா கேற்றடியில் நின்றாள். தோளில் பை, காலில் செருப்பு, தலையில் முக்காடு.

“எங்க பயணம்?” என்றேன்.

“வேன் வரும், நானா,” என்றாள். அண்ணன் முறைக்கு அப்படித்தான் என்னைக் கூப்பிடுவாள்.

உம்மா உள்ளிருந்து வந்தார். “நீங்க வேற, தம்பி. வேன்காரர் மௌத்தான கிழமையோட இந்தப் பக்கம் நிலையத்து வேன் வாறதில்ல. தூரமாம். இவ ஒவ்வொரு நாளும் ஏழரைக்கு உடுத்திட்டு வந்து நிக்கிறா. வெயில் ஏறினாத்தான் உள்ளுக்கு வருவா.”

தூரம்! அவர்களுக்கு வேன்காரர் என்றால் நீதான்; அதே வேனை நீயே ஓட்டிக்கொண்டு, இதைவிடத் தொலைவான எலுவன்குளம் வரைக்கும் போய்வந்தவன்.

ஏழாம் பக்கத்தை அவளுக்கு வாசித்தேன். தாமதமாகத்தான்.

“பொய்,” என்றாள் றமீஸா. “ஒரு நாள்தான் ஏத்தினாங்க. போட்டோ புடிச்சாங்க. எறக்கிட்டாங்க.”

“நம்மட வேன்காரர் இப்ப இல்லத்தானே, தங்கச்சி...” என்று இழுத்தேன்.

என்னைப் பார்த்தாள். “அவருதான் மௌத்து. வேன் மௌத்தில்லையே, நானா.”

அங்கேயே நின்று தலைவருக்கு அழைத்தேன். “ஒரு வசனம்தானே சேர், அச்சும் ஆகிட்டு. வேன் விசயத்த அடுத்த வருசம் பார்ப்பமே,” என்றார். அந்த வேன்தான் இப்போது அவர் வீட்டுக்குச் சாமான் ஏற்றுகிறது என்று உம்மா சொன்னார். வம்பு பேசுவதில் என்னையும் மிஞ்சிய மனுஷி; இந்த முறை நான் சிரிக்கவில்லை.

றமீஸாவையும் உம்மாவையும் முச்சக்கர வண்டியில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். உன் சிவப்புப் பேனா என் மேசையின் இழுப்பு லாச்சியில் கிடந்தது; திருப்பித் தராத எத்தனையோ சாமான்களில் அதுவும் ஒன்று. றமீஸாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பிரதியாக எடுத்து, ஏழாம் பக்கத்தைத் திறந்து, அந்த வசனத்தின் மேல் கோடு போட்டாள். அழுத்தியதில் சில இடங்களில் தாள் கிழிந்தது. பக்கத்தில் இருந்து நான் எழுதினேன்: ‘வேன் வருவதில்லை. றமீஸா தினமும் காத்து நிற்கிறார்.’ கை வலித்தது. உன்னைத் திட்டினேன், தலைவரைத் திட்டினேன், மீதமிருந்ததை எனக்கே வைத்துக்கொண்டேன்.

நிலையத்துக் கூடத்தில் சுருட்டிக் கிடந்த உன் பாயை மாலையில் போய் எடுத்து வந்துவிட்டேன். சனிக்கிழமை மண்டபத்தில், பிரமுகர்களின் கதிரைகளுக்கு முன்னால் அதை விரிப்பேன். அந்தோனியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான், பணிஸ் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான். அவர்கள் பாயில் உட்கார்ந்த பிறகுதான் நான் வாய் திறப்பேன்.

கடைசிப் பிரதியும் முடிந்தபோது பேனாவுக்காகக் கை நீட்டினேன். றமீஸா அதை மூடி, தன் பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்துப் பூட்டினாள்.

“சனிக்கிழமைக்கு வேணும்,” என்றாள்.