கப்பலில் வந்த குப்பை

1995 ஜூன் 12, திங்கள்

ஆனி பிறக்கும் முன்பே பேய்க்காற்று. மில் முற்றத்தில் கிடந்த பேப்பர் பாதி வீரபாண்டி ரோட்டில்.

காலையில் கன்டெய்னர் லாரி வந்தது. எங்கள் அட்டை மில்லுக்கு முதல் கப்பல் பேப்பர். இத்தனை நாளாக அரைத்து அட்டை போட்டதெல்லாம் உள்ளூர்ப் பழைய பேப்பர்தான். அதில் நார் செத்துப்போயிருக்கும். பனியன் மடிக்கும்போது உள்ளே வைக்கிற அட்டை சுருண்டுகொள்கிறது என்று கம்பெனிக்காரர்களின் திட்டு வேறு. வெளிநாட்டுப் பேப்பரில் நார் நீளம் என்றார்கள். பார்ப்போம்.

பார்ட்னர் காதர் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அப்பாவின் சிநேகிதர், அப்பா போன பிறகு மில்லில் அவரும் நானும்தான். பேப்பர் தரம் பிரிக்கும் பெண்களுக்குத் தலைவி பழனியம்மா. அவள் லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அண்ணன் சிரித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. முன்வரிசையில் நியூஸ் பேப்பர்க் கட்டுகள், அட்டைப்பெட்டிகள். பளிச்சென்று இருந்தன. இரண்டு வரிசை இறக்கியதும் நாற்றம். ஈரம் பட்டிருக்கும் என்றார் அண்ணன். நாளைக்கு மீதி.

மோட்டார் பெல்ட் வாங்க வேண்டும். மறந்தேன்.

ஜூன் 13, செவ்வாய்

முழுக்க இறக்கியாயிற்று. பேப்பர் இல்லை. குப்பை.

குழந்தைகளுக்குக் கட்டிவிடும் பேம்பர்ஸ், மலத்தோடு. பூனைத் தீனி டப்பாக்கள். பிளாஸ்டிக் பை. பால் பெட்டிகளில் புழு. ஒற்றைச் செருப்பு. மருந்து பாட்டில். ஊசி.

அந்த ஊசிதான். பழனியம்மா ஒரு கட்டைப் பிரித்தபோது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. “ஒண்ணுமில்லீங்க அம்மிணி, கருவேல முள்ளு குத்தாத கையா இது” என்று விரலை வாயில் வைக்கப் போனாள். பிடித்து இழுத்து, கழுவிவிட்டு, டாக்டரிடம் கூட்டிப் போனேன். டெட்டனஸ் போட்டார். ரத்தம் எடுத்தார். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். என்ன நோய் என்று அவளிடம் சொல்லவில்லை. எய்ட்ஸாக இருக்கலாம் என்று என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

வெளியே வந்ததும், “என்னமோ மறைக்கறீங்கோ” என்றாள்.

சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள்: “இதை அனுப்புனவன் யாருங்க? பேரு என்ன?”

எனக்குத் தெரியவில்லை. ஏஜெண்டைத்தான் தெரியும், கப்பல் காகிதமெல்லாம் அவரிடம்தான்.

ஜூன் 14, புதன்

கோயம்புத்தூரிலிருந்து ஏஜெண்ட் சிவராமன் வந்தார். காப்பி குடித்தார். குப்பையைப் பார்க்கக்கூட முற்றத்துக்கு வரவில்லை.

“மேடம், எல்லா மில்லுக்கும் கொஞ்சம் இப்படி வர்றதுதான். பல்லடம் பக்கம் ஒரு பழைய கல்லுக்குழி இருக்குது. நம்ம லாரிக்காரன் கொண்டுபோய்க் கொட்டி மண்ணைப் போட்டுருவான். நீங்க தலையிட வேண்டாம்.”

“விதிப்படி பேப்பர்தானே வரலாம், சார்? குப்பை வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“விதி இருக்குது மேடம். ஆனா இறக்குமதி பண்ணினது யாரு? உங்க மில் பேரு. வெளியே சொன்னீங்கன்னா முதல்ல மாட்டறது நீங்க.”

சேர்த்து வரவழைத்த இரண்டாவது கன்டெய்னர் இன்னும் தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்கிறது. அதையும் எடுக்கச் சொல்கிறார். எடுக்க மாட்டேன் என்றேன். காதர் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஏஜெண்டை வாசல் வரை கொண்டுபோய் விட்டு வந்தார்.

கை எத்தனை கழுவியும் அதே வாடை.

ஜூன் 16, வெள்ளி

அண்ணனோடு சண்டை. இத்தனை வருடத்தில் முதல் முறை.

“குழில போட்டுட்டு மறந்துருவோம் அம்மிணி. மில்லுக்குச் சீல் வெச்சுட்டாங்கன்னா இத்தனை ஊடு என்னாகும்? நெனச்சுப் பாரு.”

“குழிக்குப் பக்கத்துல கெணறு இருக்குதுண்ணா. அந்தத் தண்ணியக் குடிக்கறவங்க ஊடு?”

“உங்கப்பன் இருந்திருந்தா...”

“அப்பா இருந்திருந்தா உங்களைத்தான் திட்டியிருப்பாரு.”

சொல்லியிருக்கக் கூடாது. எழுந்து போய்விட்டார். ஆனாலும் அது உண்மை.

பயம் இருக்கிறது. கேஸ், கோர்ட், போலீஸ். இங்கே யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன்: ரொம்பப் பயம். ஆனால் அந்த ஆள் காப்பி குடித்த தோரணை இருக்கிறதே, பயத்தைவிட அதுதான் பெரிதாக நிற்கிறது. அவனவன் ஊரில் கொட்ட இடமில்லை என்று கப்பலேற்றி அனுப்புவான். நாம் மண்ணைத் தள்ளி மூடுவோமா? மாட்டேன்.

ஜூன் 19, திங்கள்

தூத்துக்குடி. பஸ்ஸில் போனேன், மடியில் ஒரு சாக்குப்பை. கன்டெய்னர்ச் சரக்கில் ஒரு கை அள்ளி, ஊசியை மட்டும் பாட்டிலில் அடைத்து, பாலிதீனில் இறுக்கிக் கட்டியிருந்தேன். மதுரை தாண்டியதும் கண்டக்டர், “என்னக்கா, கருவாடா?” என்றார். “அமெரிக்கக் கருவாடு” என்றேன். எந்த நாடு என்று நிஜமாகவே தெரியாது. பேப்பரில் இங்கிலீஷ், அவ்வளவுதான் தெரியும்.

கஸ்டம்ஸ் ஆபீசர் இளவயது. பையை அவர் மேஜை மேல் வைத்தேன்.

“மேடம், முதல்ல இதைக் கீழே வைங்க.”

“உங்க மேஜையில அஞ்சு நிமிஷம் இருக்கட்டும் சார். எங்க முத்தத்துல ஒரு வாரமா இருக்குது.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. எழுந்து, வாங்க என்று கன்டெய்னர்கள் நிற்கும் யார்டுக்குக் கூட்டிப் போனார். இரண்டாவது கன்டெய்னரை என் கண் முன்னால் திறக்கச் சொன்னார். முன்வரிசையில் அதே பளிச். பின்னால் அதே நாற்றம். கூலிக்காரர் ஒருவர் ஓடிப்போய் வாந்தியெடுத்தார்.

இது நிச்சயம் திருப்பி அனுப்பப்படும் என்றார். நீங்கள் எடுத்துப் போனது வேறு கதை. டெலிவரி எடுத்தாயிற்று, அது உங்களுடையது.

“சார், விதிங்கறது வாங்கறவளுக்கு மட்டுந்தானா? அனுப்பறவனுக்கு இல்லீங்களா?”

ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு: மனு எழுதிக் கொடுங்கள். ஒரு பொருள்கூட வெளியே போகாமல், உங்கள் முற்றத்தில் நிற்கும் கன்டெய்னர்ப் பெட்டியிலேயே வந்தபடி ஏற்றி வையுங்கள். ஆள் அனுப்பிப் பெட்டிக்குச் சீல் வைக்கிறோம். முடிவு மேலிடத்தில். உங்கள் மேலும் விசாரணை வரும், தெரிந்துதான் செய்கிறீர்களா?

தெரிந்துதான் என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். உப்புக்காற்று. பேனா வழுக்கியது.

ஜூன் 22, வியாழன்

திரும்ப ஏற்றும் வேலை. பெண்களிடம் கேட்கவே இல்லை. எந்த முகத்தோடு கேட்பது? ரப்பர் பூட்ஸ், கையுறை, இடுக்கி வாங்கி வந்து நானே தொடங்கினேன். பத்துக் கூடை கூட ஆகியிருக்காது, இடுப்பு விட்டுப்போயிற்று.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காதர் அண்ணன் வந்தார். மூக்கில் கைக்குட்டை. கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தார். மதியம் அவர் வீட்டிலிருந்து இரண்டு பேருக்கும் சாப்பாடு வந்தது. கையைக் கழுவு கழுவு என்று கழுவிவிட்டுச் சாப்பிட்டோம்.

“மில்லுக்குச் சீல் வெச்சாத் திறந்துக்கலாம். பரவால்ல போ” என்றார். அவ்வளவுதான், சமாதானம்.

சாயங்காலம் நாலைந்து பெண்களும் கையுறை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பழனியம்மாவைத் தொட விடவில்லை. கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊர் பேர் தெரியாத அந்த ஏற்றுமதிக்காரனின் ஏழு தலைமுறையையும் வைதுகொண்டிருந்தாள்.

ஜூன் 27, செவ்வாய்

போன மாதம் வரை வணக்கம் சொன்ன மூன்று மில்காரர்கள் வந்தார்கள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“நீங்க ஒரு பெட்டியைப் பெருசு பண்ணினா தூத்துக்குடில எல்லாப் பெட்டியும் திறந்து பாப்பாங்கங்க. எல்லாத்து பொழப்பும் கெட்டுப்போகும்.”

“பாக்கட்டுங்க. பேப்பர் இருந்தா உங்களுக்கென்ன பயம்?”

“பொம்பளை கையில மில்லக் குடுத்தா இப்படித்தான்” என்றார் ஒருவர், இன்னொருவரிடம் சொல்வது போல.

“ஆமாங்க, இப்படித்தான்” என்றேன்.

அவர்கள் போன பிறகு, போட்ட மூன்று நாற்காலியையும் மடக்கி வைத்தேன்.

உள்ளூர்ப் பேப்பரே ஓடுகிறது. கரண்ட் மூன்று தடவை போயிற்று.

ஜூலை 10, திங்கள்

கஸ்டம்ஸ் உத்தரவு வந்துவிட்டது. இரண்டு பெட்டிகளும் திரும்பிப் போகின்றன. விசாரணை முடியும் வரை எங்கள் மில் பெயரில் வெளிநாட்டுப் பேப்பர் வரக்கூடாது.

காதர் அண்ணன் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். “ஜெயிச்சமா, தோத்தமா?”

“ரெண்டும் போகுதுண்ணா.”

“அப்ப ஜெயிச்சோம்” என்று டீ சொல்லிவிட்டார், மில் முழுக்க.

ஜூலை 14, வெள்ளி

பெட்டி கிளம்பியது. லாரி கேட்டைத் தாண்டும் முன் பழனியம்மா குறுக்கே நின்றாள். கையில் பெயிண்ட் டப்பா. “ஏனுங்க அம்மிணி, குப்பைன்னு இங்கிலீசுல எப்படி எழுதறது? அவனுக்குப் புரியோணுமல்ல.”

டிரைவர் கூடாது என்றான். வழியில் நிறுத்தினால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும், அதுவும் நியாயம். சாக்கடைத் தண்ணீரில் நனைத்த விளக்குமாற்றால் கதவை ஓங்கி ஒரு அடி அடித்தாள். அதோடு விட்டாள். லாரி போயிற்று. முற்றத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவினோம். வாடை போகவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

காலையில் தூறல். டாக்டரிடம் இரண்டாவது ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போனோம், நானும் பழனியம்மாவும். இந்த மூன்று மாதமும் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டிருந்தாளாம். பேரனைத் தூக்கவில்லையாம். அதெல்லாம் தேவையே இல்லை என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கே தெரியும்.

ஒன்றும் இல்லை. சுத்தம்.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். பஸ் ஸ்டாண்டில் பேரனுக்கு ஒரு பந்து வாங்கினாள், சிவப்பு.

செப்டம்பர் 18, திங்கள்

வெயில். பாய்லர் பற்ற வைக்கத் தாமதம்.

ஏஜெண்ட் சிவராமன் வந்தார்! ஒன்றுமே நடக்காதது போல. புது நாடு, புது பார்ட்டி, வேறொரு மில் பெயரில் வரவழைத்துத் தரலாம், விதியில் ஓட்டை இருக்கிறது, சாம்பிள் கட்டுகூடக் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். கயிறு கட்டிய பெரிய கட்டு. முன்பக்கம் பளிச்.

பழனியம்மாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் கட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க சாமி. நீங்களே பிரிங்க. உள்ள கையை விட்டு அடி வரைக்கும் தொழாவிக் காட்டுங்க. நாங்க பாக்கறோம்.”

வேலையை விட்டுவிட்டு எல்லாப் பெண்களும் வந்து நின்றார்கள். காதர் அண்ணனும்.

சிவராமன் கயிற்றை அவிழ்த்தார். மேல்தாளைத் தூக்கினார். கையை மட்டும் உள்ளே விடவில்லை.