பீலித் தண்ணீரும் உன் டைகரும்

போஞ்சிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் ஈர நாயின் வீச்சம் வாசல்வரை வந்துவிட்டது. நீ விட்டுப்போன செவலை நாய்தான். நனைந்த மண்ணைத் தோண்டிக் குழி பறித்து, வயிற்றை அதில் அமுக்கிப் படுத்துக்கொண்டு என்னையே பார்க்கிறது. நாலு கொடி வேரோடு போச்சு. நீ செத்தும் என் பாத்திக்கு விடிவு இல்லை.

இந்த வருஷம் ஹாலிஎலப் பக்கம் ஆடிக் காற்றுகூடச் சுடுகிறது. விரட்டத்தான் கையை ஓங்கினேன். உடனே உன் குரல். “மண்ணு உள்ளுக்குள்ள குளுந்து கெடக்கும் புள்ள. அதுக்கு வயித்துல முடி கொறவு, அதான் அமுக்கிப் படுக்குது.” செத்தவள் சும்மா இருக்கக்கூடாதா?

துரை பங்களாவில் சில வருஷம் நாய்களைப் பார்த்துக்கொண்டாய். தேயிலை மலைக்குத் திரும்பி வந்ததிலிருந்து நாய்களுக்கு நீதான் டாக்டர். கொழுந்து பறிக்கும்போதும் அதே பேச்சு. நாய்க்கு நம்மைப் போல மேலெல்லாம் வேர்க்காதாம், பாதத்தில் கொஞ்சம்தானாம், மற்ற சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்தே போக்கிவிடுமாம். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“எனக்கு முதுகுல ஆறா ஓடுது. அதுக்கு ஒரு வழி சொல்லுடி.”

“நீயும் நாக்கத் தொங்கப் போடு. ஒனக்குத்தான் நீளமாச்சே!”

மலையே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

செவலைக்கு முன்னால் நீ டைகரை வளர்த்தாயே, அந்த வருஷமும் இப்படித்தான் மழை பொய்த்தது. லயத்து வரிசை வீடுகளெல்லாம் தண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலியில் நூல் போலத்தான் விழுந்தது. விடிந்ததிலிருந்து காத்திருந்து ஒரு வாளி நிரப்பினேன். சேலையை இழுத்துச் செருகுவதற்குள் உன் கறுப்பு நாய் டைகர் வந்து வாளிக்குள் வாயை விட்டு மடக்மடக்கென்று குடித்தது. அத்தனையையும் கீழே கொட்டினேன்.

மத்தியானம் அது வெயிலில், நாக்கு தொங்க, எச்சில் ஒழுக லயத்துக்கு முன்னால் வந்தது. “வெறி நாய்! வெறி நாய்!” என்று கத்தினேன். முந்தின வாரம்தான் மேல் லயத்தில் ஒரு வெறிநாய் மாட்டைக் கடித்திருந்தது. அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆம்பிளைகள் கம்போடு வந்துவிட்டார்கள். நீ செருப்பில்லாமல் ஓடிவந்து நாயைக் கட்டிக்கொண்டாய்.

“அதுக்கு வெயிலுங்க, வெறி இல்ல! வெறி புடிச்சா தண்ணி எறங்காது. இது குடிச்சத யாராச்சும் பாத்தீங்களா?” ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றாய். “காலையில பீலியடியில நீதான புள்ள நின்ன? நீ பாக்கலயா?”

“நான் ஒண்ணும் பாக்கல.”

டைகரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீலிக்குக் கீழே விட்டாய். அது அந்த நூல் தண்ணீரில் மல்லாந்து புரண்டு, வாயை ஏந்திக் குடித்து, எழுந்து உதறிய உதறலில் கங்காணியின் வேட்டியெல்லாம் சேறு. கம்பை வைத்திருந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

“ஆத்தாவுக்கு நாயும் தெரியல, நரியும் தெரியல!” என்றார் கங்காணி, என்னைப் பார்த்து.

அதற்குப் பிறகு அடுத்த தீபாவளிவரை நான் உன்னோடு பேசவில்லை. குடிக்கிற தண்ணீரில் நாயைப் புரள விட்டதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டாய். சாம்பலும் தேங்காய் மட்டையும் போட்டு நீ பீலியடியைத் தேய்த்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தேய்க்கட்டும் என்று விட்டேன். கடைசியில் நீதான் முதலில் பலகாரத் தட்டோடு வந்தாய். அதற்கும் உன்மேல் எனக்குக் கோபம்.

பார்த்தேன், புள்ள. முதல் மடக்கிலிருந்து கடைசி மடக்குவரை பார்த்தேன். வெறி இல்லை என்று தெரிந்துதான் கத்தினேன், ஒரு வாளித் தண்ணீருக்காக. நீ அரை நிமிஷம் பிந்தியிருந்தால் அதன் மண்டையைப் பிளந்திருப்பார்கள்.

நீ படுக்கையில் கிடந்தபோது இதைச் சொல்லத்தான் வந்தேன். என்னைப் பேச விட்டாயா? “செவலைக்கு வெயில் காலத்துல முடிய வெட்டிப்புடாத. அந்த முடிதான் அதுக்கு நெழலு. ஒன்கிட்டதான் விட்டுட்டுப் போறேன்” என்றாய். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

இந்தத் தோட்டத்தில் எத்தனையோ பேர்மேல் கோபம் வைத்திருக்கிறேன். அதெல்லாம் எனக்குப் பாரமே இல்லை. நீ என்மேல் வைத்திருக்க வேண்டிய கோபம் ஒன்று இருக்கிறதே, அதையும் இப்போது நானே தூக்கிக்கொண்டு திரிகிறேன்.