வண்டிப் பக்கம்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் அத்தையும் நலம். உங்கள் இருமல் விட்டதா? சமையலறைக் குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்துவிட்டது. போன தடவை வந்தபோது, "இனிமே ஜென்மத்துக்கும் ஒழுகாது" என்று நீங்கள் முடுக்கிவிட்டுப் போன அதே குழாய்தான்.

போனில் தினமும் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் வேண்டாம் என்பீர்கள். நீங்கள் வேண்டாம் என்றால் அதையே சாக்காக வைத்து நின்றுவிடுவேன். அவ்வளவு பயந்தவள் நான்.

மறுபடியும் ஓடுகிறேன். கட்டெறும்பு என்று நான் கூப்பிட்ட என் கடைச் சிநேகிதி செத்த பிறகு இனி ஓட மாட்டேன் என்று உங்களிடம் சத்தியம் செய்தேன். செய்யும்போது அது பொய் இல்லை. கண்ணாடிக் கடையில் அவள் பில் போட்ட நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியாமல், வேலையையே விட்டுவிடலாமா என்றிருந்தேன். சர்க்கரை ஏறிக் கிடந்த என்னை, "வாடி, சும்மா ஒரு தெரு" என்று இழுத்துப் போய் ஓடவைத்தவள் அவள். வண்டிகளைக் கண்டால் எனக்கு உதறும் என்று எப்போதும் அவளே சாலைப் பக்கமாக ஓடுவாள். அதை வண்டிப் பக்கம் என்போம். அன்று அந்த வேன் ஓரத்தில் ஏறியபோதும் அவள்தான் அந்தப் பக்கம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன மாதம் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது ஜன்னல் வழியே பார்க்கிறேன், அதே சாலையில் அவளுடைய மஞ்சள் பனியன் ஓடுகிறது. உயிரே போய்விட்டது எனக்கு. உற்றுப் பார்த்தால், அவளுடைய அக்கா. அதுதான், எழுந்து தண்ணீர் குடிக்கவே அலுத்துக்கொள்வார் என்று கட்டெறும்பு கிண்டல் செய்வாளே, அந்த வங்கிக்காரம்மா. வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு காதிலும் பாட்டை மாட்டிக்கொண்டு, புஸ்புஸ்ஸென்று ஓடுகிறார். பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது, அவருக்குக் கேட்கவே இல்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஒரே வீட்ல ரெண்டு பேரு போகணுமா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வீட்ல உக்காந்தா அவ ஞாபகம் கழுத்தை நெரிக்குது. இங்க மூச்சு வாங்குறப்ப அழுகை வர்றதில்ல" என்றார். தனியாக வராதீர்கள் என்றேன். "அப்ப நீ வா" என்றார்.

மறுநாளே போனேன். அன்றிலிருந்து விடிந்தாலே சாலையை நினைத்துப் பயம். பேசாமல் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம் என்று தோன்றும். உடனே, நான் போகாவிட்டால் அந்தம்மா தனியே கிளம்பிவிடுவார் என்ற பயம் வரும். இது அதைவிடப் பெரிய பயம். ஆசைப்பட்டு நான் ஓடவில்லை, இந்தப் பயம்தான் என்னை எழுப்பிவிடுகிறது. வண்டிப் பக்கம் நான்தான் ஓடுகிறேன். முதல் நாள் ஒவ்வொரு வண்டிக்கும் கண்ணை இறுக்கி மூடினேன். இப்போது திறந்துகொண்டே நடுங்குகிறேன்.

அத்தைக்கு விஷயம் தெரியும். பால் வாங்கப் போகிறேன் என்றேன். "பால் வாங்க ஷூ எதுக்கு?" என்றார். நான் திரும்பும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய முட்டிவலித் தைலம் தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள்.

வரும் ஞாயிறு காலையில் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. கட்டெறும்பு ஆசைப்பட்ட ஓட்டம். நாங்கள் இரண்டு பேரும் பெயர் கொடுத்துவிட்டோம். வேன் ஏறிய இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இதுவரை அதற்கு முன்னாலேயே திரும்பிவிடுவோம். அன்று வண்டிகளை நிறுத்திவைப்பார்களாம். அது என் புத்திக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் கால் நின்றுவிடுமோ, நெஞ்சே நின்றுவிடுமோ என்று இருக்கிறது.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஞாயிறு மதியம் வழக்கம்போலப் போன் செய்வேன். ஒன்றும் தெரியாத நீங்கள், "சாப்பிட்டியா?" என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்ல நான் இருக்க வேண்டும். தேதி கடந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, இதைப் படித்ததும் எனக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்
வீட்டுக்காரி