பாக் பட்டியலில் என் பெயர்

ஒரோதாரா,
17 நவம்பர் 2019, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தெனே அக்காவுக்கு,

கரிஜா எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் வந்து சேரும் நாளில் நீ காய்ச்சல், இருமல் ஏதும் இல்லாமல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். இங்கே அப்பா, அம்மா, ஆடுகள் எல்லோரும் சுகம். பாலைவனக் காற்று இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. காலையில் எழுந்தால் தண்ணீர்ப் பானைமேல் செம்மண் படிந்திருக்கிறது. நீ இருக்கும் தலைநகர் வாகடூகுவில் இன்னும் மோசம் என்கிறார்கள். ஷியா வெண்ணெய் ஒரு டப்பா இத்துடன் வருகிறது, உதட்டுக்கும் குதிகாலுக்கும் பூசிக்கொள்.

நீ போன் செய்யும்போது நான் சரியாகப் பேசுவதில்லை என்று உனக்கு வருத்தமாம், அம்மா சொன்னாள். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு முற்றத்தின் நடுவே ஸ்டூல்மேல் வைத்துவிடுகிறார். பக்கத்து வீட்டு நஃபி அத்தையோடு சேர்த்து எட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள். "பேசேண்டி, வாயில என்ன களியா வச்சிருக்க?" என்று அம்மா முழங்கையால் இடிக்கிறாள். எனக்கு "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. எழுதும்போது யாரும் சுற்றி நிற்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாங்காய் உலர்த்தும் கொட்டகையை ஜூலையோடு மூடிவிட்டார்கள். இப்போது மேல்நிலைப் பள்ளி வாசலில் அம்மாவோடு காராமணிச் சோறு விற்கிறேன். கடைசி வகுப்புப் பிள்ளைகள் தட்டை வாங்கிக்கொண்டு, மரத்தடியில் நின்று பாடம் ஒப்பிக்கிறார்கள். போன வாரம் ஒருத்தி தத்துவப் பாடத்தில் சுதந்திரம் பற்றிய பகுதியை ஒப்பித்தாள். மூன்றாவது காரணத்தை விட்டுவிட்டு நான்காவதற்குப் போய்விட்டாள். நான் கரண்டியைப் பிடித்தபடி அந்த மூன்றாவது காரணத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்படியே இருந்தது.

நீ சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாய், நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தப்புப் பிடிப்பேன். "நோட்டைப் பாக்காமலேயே பிடிக்கிறியே, பிசாசே" என்று நீ திட்டுவாய். நீ போனதிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு என் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. உன் பெட்டியைத் திறந்து சரித்திர நோட்டைப் படிக்கிறேன். நீ ஓரத்தில் கோழி வரைந்து வைத்திருக்கும் பக்கத்துக்கு வந்திருக்கிறேன். யாரும் ஒப்பிக்காமல் பாடம் படிப்பது உப்பில்லாமல் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

பள்ளியிறுதிப் பரீட்சையான பாக்கின் முடிவை வாசித்த நாளை நீ அங்கே யாருக்கும் சொல்லியிருக்க மாட்டாய். நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். கொட்டகையிலிருந்து அப்படியே ஓடிவந்தேன். தலையில் வலைத்தொப்பி, கையெல்லாம் மாங்காய்ப் பால். தேர்வுக் குழுத் தலைவர் படியில் ஏறி நின்று மைக்கைத் தட்டினார். நீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் இரத்தம் நின்றுவிட்டது. தேர்வு எண்ணை வாசித்தார், பிறகு "ஜாரா கரிஜா" என்றார். நீ கல்லாகி நின்றாய். நான்தான் "இருக்கேன் சார்!" என்று கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு உரக்க நான் பேசியதே இல்லை.

கொட்டகை மேற்பார்வைக்கார திராவோரே மேடமும் தன் மகனுக்காக வந்து நின்றிருந்தார். கேலி பேசுவதற்கென்றே ஏற்பட்ட குல உறவு, திராவோரேக்கள் ஜாராக்களைச் சும்மா விடுவார்களா? பாஸானவர்களுக்குச் செய்கிற மாதிரி ஒரு குவளைத் தண்ணீரை என் தலையில் கொட்டி, "ஏய் காராமணி தின்னி! மாங்கா சீவிக்கிட்டே பாக் பாஸ் பண்ணிட்டியா? உங்க ஜாரா கூட்டம் மூளையையும் வேகவச்சுத் தின்னுடுச்சுன்னுல்ல நெனச்சேன்!" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் உன் வகுப்புப் பெண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு "கரிஜா! கரிஜா!" என்று முற்றத்தைச் சுற்றினார்கள். மேடம் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலிக் குவளையைப் பார்த்தார். மறுநாள் எனக்குக் கத்தி கொடுக்காமல் தட்டு அடுக்குகிற லேசான வேலை கொடுத்தார்.

அன்று பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது அரைமணி நேரம்தான் இருந்தது. பிறகு வந்தது வேறு. அத்தனை பேர் கைதட்டிய என் பெயர் பஸ் ஏறி எங்கேயோ போகிறது, அதன் பின்னாலேயே நானும் போகக்கூடாதா என்று ஏக்கமாக இருந்தது.

உன்னைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்காதே. எல்லைக்கு அந்தப் பக்கம் கொக்கோ தோட்டத்துக் குடிசையில் பிறந்த உனக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எழுதியிருப்பார்கள்? கலவரத்தில் ஓடி வந்தபோது அம்மா உன்னையும் ஒரு பானையையும்தான் தூக்கி வந்தாள். ஆறாம் வகுப்புப் பரீட்சைக்கு மூன்று நாளில் சான்றிதழ் வேண்டும் என்றபோது பெட்டியில் இருந்தது ஒன்றே ஒன்று, அது இங்கே ஆஸ்பத்திரியில் பிறந்த என்னுடையது. "சின்னவளுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு, அதுக்குள்ள கோர்ட்டுல ஒண்ணு எடுத்துரலாம்" என்றார் அப்பா. ஒவ்வொரு வருஷமும் விதைப்பு முடியட்டும் என்பார், பிறகு அறுப்பு முடியட்டும் என்பார்.

என் முறை வந்தபோது சார் பதிவேட்டில் விரலை ஓட்டிப் பார்த்து, "இதே பேரு, இதே பிறந்த தேதி, ஏற்கெனவே பாஸ் பண்ணியாச்சே! ஒரே பரீட்சைய எத்தனை தடவம்மா பாஸ் பண்ணுவ?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் கூடச் சிரித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ என் இடத்தில் இருந்திருந்தால் மேஜைமேல் ஏறிச் சண்டை போட்டிருப்பாய். பதின்மூன்று வயதில் வந்தவள், நான்கு வருஷமாக வீட்டில்தான் இருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய பள்ளியில் சாயங்கால வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். படிப்பை விட்டவர்கள் தனித்தேர்வராக ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம், பிறகு மேலே போகலாம். இரண்டு நாள் மதில் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் உள்ளே போனேன். புது வாத்தியார். பெயரைச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார். "ஜாரா கரிஜாவா? பாக் பட்டியல்ல பாத்தேனே, நல்ல மார்க்காச்சே! கணக்கு எடுக்கறதுக்குத்தான் ஆள் தேடிட்டிருந்தேன். உக்காரும்மா, உக்காரு. வாரத்துல எத்தனை நாள் வர முடியும்?" என்றார். நான் கற்றுக்கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார், அக்கா. சாக்பீஸ் டப்பாவையும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். "யோசிச்சு சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அம்மா இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

டிசம்பர் நான்காம் தேதி நீதிபதி நம் ஊருக்கே வருகிறார். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு நகராட்சிக் கட்டடத்தில் வைத்து எழுதிக் கொடுப்பார்கள். இரண்டு சாட்சிகள் போதும். சியாக்கா மாமா ஒரு சாட்சி, நஃபி அத்தையின் புருஷன் ஒரு சாட்சி. இந்தத் தடவை அப்பா தானாகவே கிளம்பியிருக்கிறார். தோட்டத்தில் பிறந்த என் மூத்த மகளுக்குச் சான்றிதழ் இல்லை என்று அவர் சொல்வார். அது பொய்யில்லை. ஆனால் நீதிபதி முன்னால் தெனே என்று போய் நிற்கப்போவது நான்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "சொன்னா அவளோட பாக் போயிடும். அதோட, இருக்கற ஒரு காகிதத்தையும் பிடுங்கிட்டு ரெண்டு பேரையும் வெளியே நிறுத்துவாங்க" என்றார் அப்பா. அந்த பாக் போகக்கூடாது. அதில் பாதி ராத்திரிகள் நீ முழித்தவை, பாதிச் சாயங்காலங்கள் நான் நோட்டுப் பிடித்தவை.

ஆனால் நீ பஸ் ஏறும்போது என் காதில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "வேலை கிடைச்சதும் முதல் வேலையா ஒரு வக்கீலைப் பாக்கறேன். என் பேரை நான் எடுத்துக்கிட்டு உன் பேரை உன்கிட்ட குடுத்துடறேன்" என்றாய். விடுதியில் கரிஜா என்று கூப்பிட்டால் இன்னும் நீ திரும்பி என்னைத் தேடுகிறாயாம். நான் அந்தக் காகிதத்தை வாங்கிவிட்டால் நீ திரும்பி வருவதற்கு உன் பெயர் அங்கே இருக்காது. வெள்ளிக்கிழமை பிறந்த நான், திங்கட்கிழமை பிறந்ததால் உனக்கு வைத்த தெனே என்ற பெயரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். "பேரு என்ன ஆடா, சொந்தக்காரங்கிட்ட கேட்டுட்டுப் பிடிக்கறதுக்கு?" என்கிறார் அப்பா. கேட்காமல் போகமாட்டேன் என்று சொன்னேன். அப்பாவிடம் நான் மறுத்துப் பேசியது இதுதான் முதல் தடவை. அவருக்கே ஆச்சரியம்.

ஆகவே கேட்கிறேன், அக்கா. உன் பெயரை எனக்குத் தருவாயா?

தந்தால் எனக்கு ஒரே நாளில் மூன்று வயது கூடும். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுதவேண்டும். எழுதுவேன். காகிதத்தின்படி நீ என் தங்கையாகிவிடுவாய், லீவுக்கு வந்தால் எனக்குக் குளிக்கத் தண்ணீர் நீதான் மொண்டு வைக்கவேண்டும். மனசில்லை என்றால் அதையும் சொல். நீதிபதி மறுபடி எப்போது வருவார் என்று நகராட்சியில் யாருக்கும் தெரியவில்லை, ஆனாலும் நான் காத்திருப்பேன், காத்திருக்கப் பழகியவள்தானே. டிசம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது எல்லோர் எதிரிலும் விளக்க வேண்டாம். ஆம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும்.

இதை பஸ் கம்பெனியில் கொடுத்து அனுப்புகிறேன்; உறையை ஒட்டுமுன் இங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். வாங்குகிறவர் அடையாள அட்டை காட்டவேண்டுமாம். அதனால் உறையின் மேல் ஜாரா கரிஜா என்று எழுதியிருக்கிறேன். அனுப்புகிறவர் இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் அம்மா பெயரை எழுதினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் நடக்காதே. எவ்வளவு கஷ்டம் வந்தாலும் படிப்பைப் பாதியில் விட்டுவிடாதே. என் பெயருக்கு அந்த ஊரில் ஒரு கெட்ட சொல் வராமல் பார்த்துக்கொள். நான் பார்க்காத இடங்களையெல்லாம் அது பார்க்கட்டும். கடவுள் உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
கரிஜா